பதினாலாம் இடம்

ஹைதராபாத்
2.12.2024

அன்புள்ள சசி அக்கா,

பதினொரு நாளாக உங்கள் போன் எனக்கு மட்டும் அடிப்பதே இல்லை. முதலில் டவர் கோளாறு என்று நினைத்தேன். நேற்று ஹாஸ்டல் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து "யாருங்க?" என்றீர்கள். உடனே வைத்துவிட்டேன். ஆக, சேரப்பணஞ்சேரியில் டவர் நன்றாகத்தான் இருக்கிறது. என்னைத்தான் பிளாக் செய்திருக்கிறீர்கள்.

கடிதத்தை பிளாக் செய்ய வழி இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரை வந்த பத்திரிகையை ஆசை ஆசையாக உங்களுக்கு அனுப்பியதே நான்தான். "எண்களாகிப் போனவர்கள்" என்ற தலைப்பு ஆசிரியர் வைத்தது. ஆனால் உள்ளே இருப்பது முழுக்க என்னுடையது, அதை மறுக்கவில்லை. இங்கே என் ஆராய்ச்சி வழிகாட்டி அதைப் படித்துவிட்டு "உன் ஆய்வேட்டின் முதுகெலும்பே இந்த அத்தியாயம்தான்" என்றார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

போன மார்ச்சில் ஒரு சூட்கேஸோடு உங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவள் நான். சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறேன், கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதப் போகிறேன் என்று முதல் வாரமே உங்களிடம் உண்மையைச் சொன்னேன். "ஷிஃப்ட் முடிஞ்சி எழுதறதுக்குக் கை மிஞ்சணுமே" என்று சிரித்தீர்கள். ஆறு மாதம் செல்போன் சார்ஜர் பூட்டும் லைனில் பதினாலாம் இடத்தில் நான், பதினைந்தாம் இடத்தில் நீங்கள். நான் போர்டை கேஸுக்குள் சரியாக உட்கார வைக்காமல் அனுப்பியதையெல்லாம் சூப்பர்வைசர் கண்ணில் படுவதற்குள் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்தீர்கள். அந்த விரல் இல்லாவிட்டால் முதல் மாதமே என்னை அனுப்பியிருப்பார்கள்.

கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்திலிருந்து வரும்போது நான் படித்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? முன்காலத்தில் மனிதர்களைப் பிறப்பும் உறவும் கட்டி வைத்தன. ஆலை வந்த பிறகு ஒப்பந்தமும் கடிகாரமும் கட்டின. இப்போது அந்த ஒப்பந்தமே மூன்று மாதத்தில் கரைகிறது, அதனால் மனிதர்கள் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை என்று சொன்னேன். "உங்க ஆளுங்க எங்க மாடியில தங்கிப் பாத்துட்டு எழுதின மாதிரியே கீதே" என்றீர்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டுதான் தைரியமாகக் கட்டுரையை எழுதினேன்.

என்ன தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
பெருந்தேவி


சேரப்பணஞ்சேரி
15.12.2024

பெருந்தேவி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாதான் வாங்கினார். கையால் எழுதிய கவர் எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. "இன்னாடி இது, கோர்ட்டு நோட்டீஸா? சிப்காட்டுக்கு எடுத்தது போதாம மிச்ச நெலத்தையும் கேக்கறானுங்களா?" என்று பயந்துபோய் நின்றார். உங்கள் பெயரைப் பார்த்ததும், "அட, நம்ம மாடி வூட்டு டாக்டரம்மா" என்று சந்தோஷப்பட்டார். அவர் கட்டுரையைப் படிக்கவில்லை.

நான் மூன்று தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரே பாயில் பகலில் பூஜாவும் ராத்திரியில் கனிஷ்காவும் மாறி மாறித் தூங்குவதையும், இருவரும் பார்த்துப் பேசிக்கொள்ள நேரமில்லாமல் தலையணையில் இருக்கும் எண்ணெய் வாசனையை வைத்தே ஒருத்தியை ஒருத்தி அறிந்திருப்பதையும் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடியிலேயே நடக்கிற விஷயம், எனக்குக் கண்ணில் படவில்லை. படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "ஒரு ஷிஃப்டில் என்னை நாற்பத்தோரு முறை எண்ணால் அழைத்தார்கள். ஒருமுறைகூடப் பெயரால் அழைக்கவில்லை. இங்கே மனிதர்கள் இல்லை, எண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கின்றன." இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? அந்த நாற்பத்தோரு முறையில் "பதினாலு, சாப்டியா?" என்று கேட்டது எத்தனை முறை? "பதினாலு, மூஞ்சி வாடிக் கீதே, ரிலீவரைக் கூப்பிடவா?" என்று கேட்டது எத்தனை முறை? அதையெல்லாம் நீங்கள் எண்ணவில்லை.

நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஹெச்.ஆர். ஜீவானந்தம் சார் நல்ல மனுஷன். யாரோ அவரிடம் பத்திரிகையைக் காட்டியிருக்கிறார்கள். இப்படியா நம்ம கம்பெனி இருக்கிறது என்று மனுஷனுக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. காலைக் கூட்டத்தில் உங்கள் கட்டுரையை உரக்கப் படித்தார். கண் கலங்கினார். மறுநாள் எல்லோருக்கும் பெயர் போட்ட பேட்ஜ். எண்ணால் கூப்பிட்டால் எச்சரிக்கை. ஒருத்தியே ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மரத்துப்போய்விடுவாள் என்று வாரா வாரம் இடம் மாற்றம். பழைய ஸ்டூல் எல்லாம் ஸ்கிராப் யார்டுக்குப் போய், சக்கரம் வைத்த புது நாற்காலி வந்திருக்கிறது. ஏழு வருஷமாகப் பதினைந்தாம் இடத்தில் இருந்தவள் நான். இந்த வாரம் மூன்று, அடுத்த வாரம் இருபத்திரண்டு. எல்லோரும் எங்களுக்கு நல்லது நடந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

எது போனது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை நீங்கள் இருக்கவும் இல்லை.

செப்டம்பர் பதினெட்டு, புதன்கிழமை. ஷிஃப்ட் முடிந்து என்னோடுதான் பஸ்ஸில் வந்தீர்கள். வியாழக்கிழமை உங்கள் இடம் காலி. மாடிக்குப் போய்ப் பார்த்தால் பாயைச் சுருட்டி வைத்திருந்தது, சாவி ஜன்னலில் இருந்தது. கான்ட்ராக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டீர்களாம். எனக்கு அதுகூட இல்லை. ஒரு வாரம் கழித்து போன் பண்ணினீர்கள், "பரவால்ல" என்றேன். பரவாயில்லை என்பது பொய்.

யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒட்டாமல் போனது யார்?

இப்படிக்கு
க. சசிகலா


ஹைதராபாத்
28.12.2024

அன்புள்ள சசி அக்கா,

"அவர்களுக்கு" என்று என்னை யாரும் இவ்வளவு வலிக்கிற மாதிரி கூப்பிட்டதில்லை. வாடி போடி என்று திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பஸ்ஸிலேயே சொல்ல நினைத்தேன். அன்று மதியம்தான் வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்திருந்தது, உடனே திரும்பி வந்து எழுத ஆரம்பி என்று. களத்துக்குள் எப்படி நுழைவது, எப்படி வெளியே வருவது என்று எங்களுக்குப் பாடமே இருக்கிறது. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து "நாளைக்கு உனக்குக் கத்திரிக்காய் கொழம்பு எட்தாரேன்" என்று சொன்னால் என்ன செய்வது என்று அதில் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விடியற்காலை முதல் ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போய்விட்டேன். கோழைத்தனம்தான். மன்னித்துவிடுங்கள்.

ஜீவானந்தம் சார் செய்ததைப் படித்துத் திகைத்துப்போனேன். ஒரு கட்டுரை உலகத்தை மாற்றினால் எழுதியவள் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அந்த சந்தோஷம் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எண் எண்தானே அக்கா? சாப்டியா என்று அன்பாகக் கேட்டாலும் அது பதினாலைத்தான் கேட்கிறது, பெருந்தேவியை இல்லை. நான் போனால் இன்னொருத்தி வந்து உட்கார்வாள், அவளும் பதினாலு. ஆள் மாறினாலும் எண் மாறாது. அதைத்தானே படித்தவர்கள் எல்லோரும் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்? யந்திரத்துக்கு ஆள் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம் என்று? இதில் நான் எதைப் பார்க்காமல் விட்டேன்?

வாதத்துக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன்.

உங்கள்
பெருந்தேவி


சேரப்பணஞ்சேரி
12.1.2025

பெருந்தேவி,

"அவர்களுக்கு" என்பதை எடுத்துவிட்டேன். "அன்புள்ள" இன்னும் வரவில்லை, அதற்கு அவசரப்படாதே.

நாளை போகி. அம்மா பழைய பாயையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறாள். நீ படுத்த பாயும் அதில் இருந்தது. அதை மட்டும் திரும்ப உள்ளே கொண்டு வைத்தேன். ஏன் என்று கேட்காதே.

ஆள் மாறினாலும் எண் மாறாது என்று எழுதியிருக்கிறாய். சரிதான். அதையே வைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். நீ கெட்டிக்காரி, வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய்.

கேள். எங்கள் லைனில் உனக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் உனக்கு அக்கா. உனக்குப் பின்னால் வருகிறவள் தங்கச்சி. அவளுக்கு முன்னால் இருந்தவள், அதற்கும் முன்னால் இருந்தவள் எல்லோரும் உனக்குச் சொந்தம். பதினாலு வகையறா, பதினைந்து வகையறா என்றுதான் சொல்வோம். எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்க மாட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் போன இடத்தில் ஒடிசாப் பெண் வந்து உட்கார்ந்தால் அவளுக்கு இவள் அக்கா. வேலையை விட்டுப் போனாலும் சொந்தம் விடாது. கல்யாணம் என்றால் அப்போது அந்த இடத்தில் இருக்கிற தங்கச்சி தட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வளைகாப்பு என்றால் முதல் வளையல் அவள்தான் போட வேண்டும். அவள் கல்யாணம் ஆகாதவளாக இருந்தாலும் சரி, புருஷனை இழந்தவளாக இருந்தாலும் சரி. எங்கள் ஊரிலேயே இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லைனில் ஒத்துக்கொண்டோம்.

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வரும்போதே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருத்தி வந்து போனால் யாரிடம் பழகுவது? பெயரோடு பழகினால் அவள் போகும்போது பெயரும் போய்விடும். எண்ணோடு பழகினால் அது அங்கேயே இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. உன் படித்தவர்கள் எங்களைத் தண்ணீர் என்றார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறவர்களும் நாங்கள்தான்.

ஒருத்தி வேலையை விடுகிற அன்றைக்குத்தான் அவளிடம் இதைச் சொல்வோம். முன்னாலேயே சொன்னால் கடமைக்குப் பழகுவாள். கடைசி நாள் கேன்டீனில் இனிப்பு கொடுத்து, ஸ்டூலைக் கவிழ்த்து, அடியில் மார்க்கரால் எழுதியிருக்கிற பெயர்களைக் காட்டி, அவள் பெயரையும் எழுதுவோம். நீ அந்தக் கடைசி நாளை எங்களுக்குத் தரவில்லை. ஸ்டூலில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்காதே, அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீலாவை உனக்குத் தெரியும். உனக்கு முன்னால் பதினாலில் இருந்தவள். மூன்று நாள் உன் பக்கத்தில் நின்று கை பழக்கிக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்காக வேலையை விட்டாளே, அவள்தான். ஸ்கிராப் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சாம்சனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் தலைமுழுகிவிட்டார்கள். குன்றத்தூரில் தனியாக இருக்கிறாள், இப்போது ஆறு மாதம். பிப்ரவரி இருபத்துமூன்று, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறோம். அம்மா வீடு வராது, மாமியார் வீடு வராது. அவளுக்கு இருப்பது பதினாலு வகையறா மட்டும்தான்.

போன வாரம் போன் பண்ணினாள். "யக்கா, இப்பம் பதினாலுல யாரு இருக்கா? ஆரு வந்து எனக்கு வளையல் போடுவா?" என்று கேட்டாள்.  நீ போன பிறகு உன் இடத்தில் நிரந்தரமாக யாரையும் போடவில்லை, அன்றன்றைக்கு மாற்றாக வருகிற ரிலீவரை வைத்தே ஓட்டினார்கள். ரிலீவருக்கு எண் கிடையாது. அதற்குள் உன் கட்டுரை வந்து இடமே கலைந்துவிட்டது. லீலாவுக்குப் பிறகு பதினாலு என்று ஒருத்தி இருந்தால் அது நீதான்.

அதனால் நீ வர வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். இதை எழுதக் கூடாது. பத்திரிகையிலும் கூடாது, உன் பெரிய புஸ்தகத்திலும் கூடாது. உன்னை நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

சசி


ஹைதராபாத்
24.1.2025

அன்புள்ள சசி அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் தடவை நின்றுகொண்டே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் அப்பா திருநாராயணன், பெருமாள் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நிற்கிறவர். எத்தனையாவது ஆளாக நிற்பார், தீர்த்தம் எத்தனையாவதாக வாங்குவார் என்பது அவர் தாத்தாவுக்குத் தாத்தா நின்ற இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம்தான் எங்கள் குடும்பம். அப்பா எங்கேயாவது அறிமுகம் செய்துகொண்டால் பெயருக்கு முன்னால் இடத்தைச் சொல்வார். இடம் என்றால் உறவு என்று பார்த்து வளர்ந்தவள் நான். அதையே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பார்த்தபோது தெரியவில்லை. கோயிலில் இருந்தால் மரபு, ஆலையில் இருந்தால் அந்நியமாதல் என்று இரண்டு டப்பாக்களில் போட்டு மூடி வைத்திருந்தேன். அதுவும் எங்கள் கோஷ்டியில் பிறந்தால்தான் இடம். உங்கள் வகையறாவில் வந்து உட்கார்ந்தாலே போதும். எது உசத்தி என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்களை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது அக்கா. ஆலை மனிதனை எண்ணாக்கும் என்று நூறு வருஷமாக எழுதுகிறார்கள். அந்த எண்ணையே எடுத்து நீங்கள் ஒரு குலம் ஆக்கியிருக்கிறீர்கள். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன். முன்பு என்றால் கேட்காமலே எழுதியிருப்பேன்; அந்தப் பெருந்தேவி இப்போது இல்லை என்பதற்காகவாவது கேட்பதைக் கேளுங்கள். இதை எழுத விடுங்கள். கம்பெனி பெயர் இருக்காது, ஊர் பெயர் இருக்காது, உங்கள் பெயர் இருக்காது. நான் தப்பாக எழுதியதை நானே திருத்த இதைவிட நல்ல வழி உண்டா? உலகத்தில் பத்துப் பேராவது உங்களைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொரு சிக்கல். பிப்ரவரி இருபத்துநாலு, திங்கட்கிழமை காலையில் என் ஆய்வேட்டைத் துறையின் முன் வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து நிபுணர் வருகிறார். அதைத் தள்ளிப்போட்டால் இன்னும் ஆறு மாதம். பழைய அத்தியாயத்தோடு போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. புதியதை எழுத நீங்கள் விட மாட்டேன் என்கிறீர்கள். அத்தியாயமே இல்லாமல் போனால் வழிகாட்டி என்னைச் சும்மா விட மாட்டார்.

லீலாவுக்குக் கை கொடுக்க ஆசையாகத்தான் இருக்கிறது. எப்படி என்று தெரியாமல் விழிக்கிறேன்.

உங்கள்
பெருந்தேவி


சேரப்பணஞ்சேரி
3.2.2025

பெருந்தேவி,

எழுதக் கூடாது.

ஏன் என்று கேட்பாய், நீ ஆராய்ச்சிக்காரி. சொல்கிறேன். நீ தப்பாக எழுதியபோதே ஜீவானந்தம் சார் எங்கள் இடத்தைக் கலைத்துவிட்டார். சரியாக எழுதினால் என்ன ஆகும்? மனுஷன் உருகிப் போய்விடுவார். "குடும்ப நாள்" என்று ஒன்று வைத்து கேக் வெட்டுவார். வகையறாவுக்கு ஒரு தலைவி, மாதம் ஒரு கூட்டம், வராதவளுக்கு ஒரு ஃபாரம். நல்லவர்களிடமிருந்து ஒன்றைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உன் புஸ்தகத்தில் இருக்கிறதா?

பத்துப் பேர் எங்களைச் சரியாகத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? லீலாவைத் தெரிந்த ஒருத்தி வந்தால் போதும்.

நிலம் போனதை நினைத்து எங்கள் அப்பா இன்னும் பெருமூச்சு விடுகிறார். எனக்கு அந்த வருத்தம் ஒருநாளும் வந்ததில்லை. களை எடுத்து இடுப்பு ஒடிந்தது அம்மாவும் நானும். லைனுக்குப் போன பிறகுதான் எனக்கென்று நாலு பேர் வந்தார்கள். அது யாரும் எனக்குக் கொடுத்தது இல்லை, நாங்களே செய்துகொண்டது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். உன் ஆறு மாதம் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. நீ விளக்கு வைத்துக்கொண்டு எழுதியதைப் பார்த்தவள் நான்.

நேற்று லீலாவைப் பார்க்கப் போனேன். கால் வீங்கியிருக்கிறது. நீ வருவாய் என்று அவளிடம் சொல்லவில்லை. ஏமாந்தால் என்னோடு போகட்டும்.

வருவதென்றால் வா. வராவிட்டால் கடிதம் போடாதே.

சசி


ஹைதராபாத்
2.3.2025

அன்புள்ள சசி அக்கா,

 வளைகாப்பு அன்று சாப்பிடும்போது நீங்கள் "உன் புஸ்தகம் இன்னா ஆச்சி? பதில் சொல்லுடி" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

வழிகாட்டியிடம் அந்தக் கட்டுரை இருந்த நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றார். தப்பு என்றேன். சரியானது எது என்று கேட்டார். தெரியும், ஆனால் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன்.  "முப்பது வருஷத்தில் ஒரு மாணவிகூட இதை என்னிடம் சொன்னதில்லை" என்றார். கோபமா மரியாதையா என்று இன்னும் புரியவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது. இப்போது அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குன்றத்தூரில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே முப்பது பெண்கள். பாதிப் பேர் எனக்கு முன்னாலேயே வேலையை விட்டுப் போனவர்கள், முகம்கூடத் தெரியாது. நீங்கள் என்னைக் காட்டி "பதினாலு வந்துட்டா" என்றீர்கள். உள்ளேயிருந்து லீலா "வந்துட்டாளா?" என்று எழுந்து வந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த எண்ணை நாற்பத்தோரு முறை நோட்டில் கோடு போட்டுக் குறித்தவள் நான். அதே எண் என்னை அப்படிக் கூப்பிடும் என்று நினைக்கவே இல்லை.

மணைக்குப் பதிலாக லீலாவை ஒரு பழைய ஸ்டூலில் உட்கார வைத்திருந்தீர்கள். சாம்சன் ஸ்கிராப்காரரிடம் கேட்டு வாங்கி, கழுவி, மஞ்சள் பூசியிருந்தார். முதல் வளையலைப் போடும்போது அது அவள் விரல் முட்டியில் சிக்கி, கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயந்தேன். நீங்கள்தான் பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்தி ஏற்றிவிட்டீர்கள். லைனில் செய்ததைப் போலவே, யாரும் பார்ப்பதற்குள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நீங்கள் ஸ்டூலைக் கவிழ்த்துக் காட்டினீர்கள். பன்னிரண்டு பெயர்கள். எழிலரசியில் தொடங்கி நான் பார்த்தே இராத பெண்கள், பதினொன்றாவது லீலா. அதற்குக் கீழே பெருந்தேவி, 19.9.2024. நான் சொல்லாமல் ஓடிப்போன வியாழக்கிழமை. அன்றைக்கே எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையைப் படித்த பிறகும் அதை அடித்து அழிக்கவில்லை.

ஆய்வேட்டின் அட்டையில் என் பெயர் எப்போது வரும் என்று தெரியாது. ஸ்டூலுக்கு அடியில் இருப்பது எனக்குப் போதும் என்று பொய் சொல்ல மாட்டேன், அட்டையிலும் வேண்டும்தான். ஆனால் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

பத்திரிகைக்கு மூன்று வரி திருத்தம் அனுப்பியிருக்கிறேன். பயப்படாதீர்கள், எதையும் சொல்லவில்லை. "என்னை எண்ணால் அழைத்தவர்கள் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள். எத்தனை முறை அழைத்தார்கள் என்று எண்ணிய நான் என்ன கேட்டார்கள் என்று எழுதவில்லை. தவறு என்னுடையது." இவ்வளவுதான்.

உங்கள்
பெருந்தேவி


சேரப்பணஞ்சேரி
4.5.2025

அன்புள்ள பதினாலுக்கு,

லீலாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ, நல்ல கறுப்பு முடி. சாம்சன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கு இல்லை என்று நின்றான். குழந்தையின் பெயர் தென்றல். உன்னிடம் கேட்காமல் வைத்துவிட்டோம், நீ கேட்டிருந்தால் ஏதாவது கொள்கைப் பெயர் வைத்திருப்பாய்.

உன் திருத்தம் வந்தது. ஜீவானந்தம் சார் அதையும் காலைக் கூட்டத்தில் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "அப்ப இன்னாதான்மா சொல்ல வர்றாங்க?" என்று எங்களைக் கேட்டார். லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கியது. பாவம் மனுஷன். மறுநாளிலிருந்து காலைக் கூட்டத்தில் எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். மற்றபடி பேட்ஜும் அப்படியே, இடம் மாற்றமும் அப்படியே.

அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் சீட் யாரும் மாற்றுவதில்லை. உட்கார்ந்த சீட்டிலேயே எல்லோரும் வருஷக்கணக்காக உட்காருவார்கள், உனக்கே தெரியும். போன மாதம் ஒன்பதாம் நம்பர் ஜன்னல் ஓர சீட்டில் இருந்த ஒருத்தி வேலையை விட்டாள். அந்த சீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்தவளைப் பார்த்துக் கனிஷ்கா, "ஒம்போது, சாப்டியா?" என்று கேட்டாள்.  எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஹெச்.ஆர். ஆட்கள் காரில்தான் வருவார்கள்.

இதையும் எழுதாதே.

ஸ்டூல் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உன் பெயருக்குக் கீழே நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது. கனிஷ்கா தன் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். அது ஆள் இருக்கிற இடம் என்று சொல்லிவிட்டேன்.

ஆடியில் வா. கத்திரிக்காய் குழம்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

உன்
பதினைந்து